சங்கத் தலைவியின் முதல் ஆறு மாதம்

கேள்வி: மட்டக்களப்புப் படுவான்கரையில் எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு என்னைத் தலைவியாகத் தெரிவு செய்திருக்கிறார்கள். பதிவில் 62 பேர் இருந்தாலும் கூட்டத்துக்கு இருபது பேர்கூட வருவதில்லை. பழைய பொருளாளர் கணக்கை இன்னும் ஒப்படைக்கவில்லை. நூறு மீற்றர் கொங்கிறீற் வீதி வேலை ஒன்று சங்கத்துக்கு வரும் என்கிறார்கள். ஒரு தொண்டு நிறுவனம் மூன்று இலட்சம் ரூபாய் சுழற்சிக் கடன் நிதி தருவதாகச் சொல்கிறது. பழைய தலைவி இப்போதும் முன்வரிசையில் இருந்து எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொல்கிறார். நான் எங்கே தொடங்குவது?

கணக்கில் தொடங்குங்கள். வீதியும் கடன் நிதியும் வரும்போது வரட்டும், பழைய கணக்கு மூடாமல் புதுக் காசு ஒரு ரூபாய்கூட அந்தப் புத்தகத்துக்குள் போகக் கூடாது. சம்பளம் கொடுக்கிற இடத்தில் சொல்லுக்குத் தானாகவே ஒரு பலம் வரும். சங்கத்தில் யாரும் உங்களிடம் சம்பளம் வாங்கவில்லை. "எனக்கு ஏலாது" என்று ஒருவர் எழும்பிப் போனால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. காசும் முடிவும் எங்கே போகின்றன என்பது ஊருக்குத் தெரிகிற மட்டும்தான் தலைவியின் சொல்லுக்கு மதிப்பு. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதைத் தெரியவைக்கிற வழிகள்தான்.

பழைய பொருளாளரின் வீட்டு முற்றத்தில் போய் நின்று கணக்குக் கேட்க வேண்டாம். அவர் காசை எடுத்தாரோ இல்லையோ, அந்த நிமிடத்தில் அது இரண்டு குடும்பத்துச் சண்டையாகிவிடும். நம் பக்கத்தில் குடும்பச் சண்டை என்றால் குடிவழியும் கோயிலும் சேர்ந்துதான் வரும். முதலில் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு நிலைமையை எழுத்தில் அறிவியுங்கள். புதிய நிருவாகம் தெரிவான பொதுக்கூட்டத்தின் அறிக்கைப் பிரதியை அவரைக்கொண்டு உறுதிப்படுத்தி, வங்கியில் கொடுத்து, கையொப்பக்காரரை மாற்றுங்கள். அதே நாளில் கடந்த இரண்டு வருடத்துக்கான வங்கிக் கூற்றையும் கேட்டு எடுங்கள். இந்த வேலைகளுக்குப் பழைய பொருளாளரின் தயவு தேவையில்லை.

அந்தக் கூற்றையும் பழைய காசேட்டையும் அருகருகே வைத்து, வரிக்கு வரி பென்சிலால் சரி போடுங்கள். சரி விழாமல் மிஞ்சுகிறவை மூன்று வகைக்குள் வரும். ஒன்று, எழுதிக் கொடுத்தும் இன்னும் வங்கியில் மாற்றாத காசோலை. இரண்டாவது, பற்றுச்சீட்டு வெட்டி வாங்கியும் வங்கியில் போடாத காசு. மூன்றாவது, வங்கியிலிருந்து எடுத்தும் வவுச்சர் இல்லாத காசு. பேச வேண்டியது கடைசி இரண்டையும்தான். அவற்றிலும் பெரும்பகுதி சிரமதானத்துக்கு வாங்கிய சீனி, தேயிலை, உத்தியோகத்தர் வந்த நாளின் சாப்பாடு, ஓட்டோக் கூலி என்று துண்டுச்சீட்டு இல்லாமல் கரைந்ததாக இருக்கும். என் கணிப்பில் ஊர்ச் சங்கங்களின் காசைக் களவைவிடச் சோம்பல்தான் கூடத் தின்கிறது. அதனால் பழைய பொருளாளரிடம் பட்டியலைக் கொடுத்து, உத்தியோகத்தர் முன்னிலையில் இருத்தி, இரண்டு கிழமை தவணை சொல்லி, அந்தத் திகதியையும் எழுதி வையுங்கள். விளக்கம் வந்த வரிக்கு அவரே கையொப்பமிட்ட வவுச்சர் ஒன்றை வாங்குங்கள். விளக்கம் வராத தொகையை "முன்னைய நிருவாகத்தின் தீர்க்கப்படாத தொகை" என்று ஒரே வரியில் பொதுக்கூட்டத்தில் வாசித்து அறிக்கையில் ஏற்றுங்கள். புதிய காசேட்டின் முதல் வரி வங்கி மீதியாக இருக்கட்டும். பழைய குறையை அடைக்கப் புதுக் காசில் கை வைத்தால் அது உங்கள் குறையாகிவிடும்.

ஒப்படைப்புப் பத்திரத்தில் கதிரை எத்தனை, உடைந்தது எத்தனை, கிடாரம், கூடாரம் எல்லாம் வரும். பலர் மறந்துவிடுகிற இரண்டு பொருட்கள் உண்டு: வெட்டாத பற்றுச்சீட்டுப் புத்தகமும் றப்பர் முத்திரையும். இரண்டும் வெளியில் இருந்தால் சங்கத்தின் பெயரில் யாரும் காசு சேர்க்கலாம், யாரும் கடிதம் எழுதலாம். பற்றுச்சீட்டுகளைத் தொடர் இலக்கப்படி எண்ணி எடுங்கள். முத்திரை கிடைக்காவிட்டால் புதியதை வேறு வடிவத்தில் செய்து, பழையது செல்லாது என்று பிரதேச செயலகத்துக்கும் வங்கிக்கும் ஒரு கடிதம் கொடுங்கள்.

இனிக் கையொப்பம். தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் என்று வங்கியில் பதிந்திருக்கும். வாவிக்கு மேலால் மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகும் வங்கிக்குப் போய்வர அரைநாள் போகிற ஊர்கள் படுவான்கரையில் இருக்கின்றன. அதனால் "நீங்க பத்துச் செக்கில வெறுமனே கையெழுத்துப் போட்டுத் தாங்க அக்கா, நான் பாத்துக்கிறன்" என்று பொருளாளர் கேட்பார். கேட்பவர் நல்லவராகவே இருப்பார், ஆனால் போட்டுக் கொடுக்க வேண்டாம். இரண்டு கையொப்பம் என்ற ஏற்பாட்டின் பயன் அத்தோடு முடிந்துவிடும். மாதத்தில் இரண்டு திகதியைச் செக் நாள் என்று வைத்து, வவுச்சரும் கடைத் துண்டும் கையில் இருந்தால் மட்டும் கையொப்பமிடுங்கள். சின்னச் செலவுக்கு ஐயாயிரம் ரூபாய் சில்லறைக் காசாகப் பொருளாளரிடம் இருக்கட்டும். அது முடிந்ததும் துண்டுகளைக் காட்டி, செலவான அளவுக்கே மறுபடி நிரப்பிக் கொள்ளட்டும். சந்தாவோ கதிரை வாடகையோ வந்த காசு மூன்று நாளுக்குள் வங்கிக்குப் போக வேண்டும். வந்த காசிலிருந்தே செலவழித்துவிட்டு மீதியைப் போடுகிற பழக்கம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர்.

கூட்டத்துக்கு ஆட்கள் வராததற்கு அக்கறையின்மையைக் காரணம் சொல்வது சுலபம். எந்த நேரத்தில் கூப்பிடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். மாரி விதைப்பு நடக்கிற ஐப்பசி, பெரும்போக அறுவடை நடக்கிற மாசி பங்குனி, கண்ணகை அம்மன் சடங்கு நடக்கிற வைகாசிக் கிழமை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் ஆகியவற்றில் வைத்த கூட்டத்துக்கு வராதவரைக் குறை சொல்ல முடியாது. பின்னேரம் மூன்றரைக்குத் தொடங்கி ஐந்துக்கு முன் முடியும் என்று சொன்னால், அதன்படி முடியுங்கள். மூன்று கூட்டம் நேரத்துக்கு முடிந்தால் நாலாவது கூட்டத்துக்கு ஆள் கூடும்.

இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. வந்தும் பயனில்லை, முடிவு ஏற்கெனவே யாரோ வீட்டுத் திண்ணையில் எடுத்தாயிற்று என்று அவர்களுக்குத் தெரியும். நிகழ்ச்சி நிரலில் ஐந்துக்கு மேல் வைக்காதீர்கள். கடந்த கூட்ட அறிக்கை முதலில், காசேட்டு வாசிப்பு இரண்டாவது. காசைக் கடைசிக்குத் தள்ளினால் அதற்குள் பாதிப் பேர் எழும்பிவிடுவார்கள். சில இடங்களில் அதற்காகவேதான் தள்ளுவார்கள். பெரிய டிமை தாளில் வரவு, செலவு, மீதி மூன்றையும் தடித்த பேனையால் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், எழுத்துக் கூட்டி வாசிக்கிறவருக்கும் எண் தெரியும். ஒவ்வொரு முடிவையும் யார், என்ன, எந்தத் திகதிக்குள் என்ற மூன்றும் சேர எழுத வேண்டும். "வடிகான் பற்றிக் கதைக்கப்பட்டது" என்ற வரியை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. "வடிகான் அடைப்பு: இரண்டாம் ஒழுங்கைக் குழுத் தலைவி 15ஆம் திகதிக்குள் பிரதேச சபைக்குக் கடிதம் கொடுப்பார்" என்று எழுதினால் அடுத்த கூட்டத்தில் அவரிடமே கேட்கலாம். அறிக்கைப் புத்தகத்துக்குப் பக்க இலக்கம் போடுங்கள். கடைசி வரிக்குக் கீழே குறுக்குக் கோடு இழுத்து, அடுத்த கூட்டத்தில் வாசித்து, திருத்தம் இருந்தால் திருத்தி, பிறகுதான் கையொப்பம்.

கூட்டத்தை நடத்துபவர் குறைவாகப் பேச வேண்டும். ஒருவரே நீட்டி முழக்கினால் வாயை அடைக்காமல் எழுத்துக்கு மாற்றுங்கள்: "பெரியம்மா, நீங்க சொன்னத செயலாளர் எழுதிற்றா. இனி பின்னுக்கு இருக்கிற மச்சாள் என்ன சொல்றா எண்டு கேப்பம்." பெயர் சொல்லிக் கேட்டால்தான் பின்வரிசை வாய் திறக்கும். "யாருக்கும் ஆட்சேபணை இருக்கா?" என்று பொதுவில் கேட்டால் வருகிற மௌனத்தைச் சம்மதம் என்று எடுக்காதீர்கள். ஒழுங்கைக்கு வந்ததும் அந்த மௌனம் எல்லாம் பேசும்.

62 பேரை ஒரே மண்டபத்தில் வைத்து வேலை வாங்க முடியாது. ஒழுங்கைப்படி பத்துப் பன்னிரண்டு பேராகப் பிரியுங்கள். இதற்கு அம்பாறையில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் 1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளம் ஏற்பாட்டாளர்களை விவசாயிகளுக்கு நடுவில் தங்கவைத்தன. ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற பத்து இருபது பேர் ஒரு குழு. யாப்பும் பதவியும் பிறகு, முதலில் வாய்க்கால் துப்புரவும் முறை வைத்துத் தண்ணீர் விடுவதும். வேலை நடக்கத் தொடங்கிய பிறகே பிரதிநிதி வந்தார், அவரும் வாக்கெடுப்பில்லாமல் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஆள். குளத்தில் தண்ணீர் குறைந்திருந்த அந்தக் காலத்திலும், மேற்பகுதிச் சிங்கள விவசாயிகள் கடைப்பகுதித் தமிழ் விவசாயிகளுக்கென்று தண்ணீரை மிச்சம் பிடித்து அனுப்பினார்கள் என்பது அந்த வேலையைப் பதிந்தவர்கள் சொல்கிற செய்தி. நீங்களும் குழுவுக்குத் தலைவி தேடுவதற்கு முன்னால் குழுவுக்கு ஒரு சிறு வேலை கொடுங்கள். ஒழுங்கை வடிகானைத் துப்புரவாக்குவது போதும். யார் எட்டு மணிக்கு மண்வெட்டியோடு நிற்கிறார், யார் படம் எடுக்கிற நேரத்துக்கு வருகிறார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

இப்போது பிரதேச செயலகம். அங்கே இருப்பவரும் நினைத்ததைச் செய்ய முடியாதவர் என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோபம் குறையும். பிரதேச செயலாளரை அரச செலவு விதிகளான நிதிப் பிரமாணங்களும் அரச ஊழியர் விதிகளான தாபனக் கோவையும் கட்டியிருக்கின்றன. ஒதுக்கீடு இல்லாத வேலைக்கு அவர் ஓம் சொன்னாலும் அது வெறும் மரியாதைப் பேச்சு. ஆகவே "எங்கட றோட்டைச் செய்து தாங்க சேர்" என்று கேட்பதைவிட, "இந்த வேலை எந்த நிதியில் வருகிறது, மதிப்பீடு எந்த நிலையில் இருக்கிறது, எங்களிடமிருந்து என்ன ஆவணம் வேண்டும்" என்று திட்டமிடல் கிளையில் கேளுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு விடயம். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள். உத்தியோகத்தர் எப்போதும் இடமாற்றம் ஆகக்கூடியவர். அவர் வாயால் சொன்னது அவரோடு போகும், கோப்பில் ஏறியது அங்கேயே இருக்கும்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது, 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம், அதிலும் தீராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். கேட்பதைக் கூர்மையாகக் கேளுங்கள்: "எங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவில் இந்த வருடம் அங்கீகரிக்கப்பட்ட வீதி வேலைகளின் பட்டியலும் மதிப்பீட்டுப் பிரதியும்." ஆனால் இதை முதல் ஆயுதமாகத் தூக்காதீர்கள். இரண்டு கடிதமும் ஒரு நேரடிச் சந்திப்பும் முடிந்த பிறகு எடுத்தால்தான் அதற்கு மதிப்பு. அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில், ஆலையடிவேம்பு, காரைதீவுப் பக்கம் இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்டச் செயலகத்திலிருந்து, சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் தமிழில் கேட்டு எழுதுங்கள். அரசியலமைப்பின் நாலாம் அத்தியாயம் தருகிற உரிமை அது, தயவாகக் கேட்க வேண்டியதில்லை.

வீதி வேலையில் முதல் எதிரி நாட்காட்டி. அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. செலவழியாத ஒதுக்கீடு அத்தோடு போய்விடும். நமக்கு வாடைமழை அடித்து ஊற்றுகிற காலமும் அதுதான். காசு பிந்தி வந்து, நவம்பரில் அவசரப்பட்டு, சேற்றுக்கு மேல் கொங்கிறீற் ஊற்றிய வீதிகள் அடுத்த மாரியோடு அடி கரைந்து வெடித்துக் கிடப்பதைக் கிழக்கில் எங்கும் காணலாம். ஆகவே வைகாசி ஆனிக்குள் உங்கள் பக்க ஆவணங்கள் எல்லாம் தயாராக இருக்கட்டும்: சங்கப் பதிவு, வங்கிக் கணக்கு, பொதுக்கூட்டத் தீர்மானம், வீதிக் காணியில் எல்லைத் தகராறு இல்லை என்று விதானையார், அதாவது கிராம உத்தியோகத்தர், தருகிற உறுதி. அங்கீகாரம் எப்போது வந்தாலும் கொங்கிறீற்றை ஐப்பசி நடுவுக்குள் முடிக்கப் பாருங்கள்.

அளவு தெரிந்தால்தான் அதிகாரம். மதிப்பீட்டை வாங்கி, தொழில்நுட்ப உத்தியோகத்தரைக்கொண்டே விளங்கிக்கொள்ளுங்கள். நூறு மீற்றர் நீளம், மூன்று மீற்றர் அகலம், நாலு அங்குலத் தடிப்பு என்றால் சுமார் 30 கன மீற்றர். கலவை ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்று மதிப்பீட்டில் இருந்தால் 50 கிலோச் சீமெந்து 190 பை போகும். மணல் நாலேமுக்கால் கியூப், முக்கால் அங்குலக் கல் ஒன்பதரைக் கியூப் அளவில் வரும் (ஒரு கியூப் நூறு கன அடி), சேதாரம் வேறு. இதை வகுத்துப் பாருங்கள்: பத்து மீற்றருக்கு 19 பை. வீதி ஓரத்தில் பத்து மீற்றருக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொரு நாளும் இரண்டு உறுப்பினர் மரநிழலில் இருந்து வெறும் பையை எண்ணிக் கட்டிக் கொப்பியில் எழுதினால் போதும். பத்து மீற்றருக்கு 14 பைதான் போயிருக்கிறது என்றால் ஒன்றில் கலவையில் சீமெந்து குறைகிறது, அல்லது தடிப்பு நடுவில் மூன்று அங்குலமாக ஒடுங்குகிறது. இரண்டாவதுதான் அதிகம். கரையில் பலகை நாலு அங்குலம் காட்டும், அடித்தளம் நடுவில் மேடாக இருக்கும். ஊற்றுவதற்கு முன் இரண்டு கரைப் பலகைக்கும் குறுக்கே நூல் கட்டி, நடுவில் அடிமட்டத்தால் அளந்தால் தெரிந்துவிடும்.

மணலையும் கல்லையும் மண்வெட்டிக் கணக்கில் அள்ள விடாதீர்கள். 15 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரத்தில் ஒரு பலகைப் பெட்டி அடித்தால் அது ஒரு பைச் சீமெந்தின் கனவளவு. ஒரு பைக்கு மணல் இரண்டு பெட்டி, கல் நாலு பெட்டி. தண்ணீர் பைக்கு 25 லீற்றர் அளவில் போதும், மணல் ஈரமென்றால் இன்னும் குறையும். கலவை இலகுவாக ஓட வேண்டும் என்று மேசன்மார் வாளி வாளியாக ஊற்றுவார்கள், வீதி பலமிழப்பது அதிலேதான். கச்சான் காற்று வீசுகிற நாளில் ஊற்றிச் சில மணித்தியாலத்துக்குள்ளேயே மேற்பரப்பு உலர்ந்து மயிர்க்கோடாக வெடிக்கும். விடியக் காலையில் தொடங்கி, இறுகியதும் ஈரச் சாக்குப் போட்டு, குறைந்தது ஏழு நாள் தண்ணீர் காட்டுங்கள். அந்த ஏழு நாளுக்கும் ஆள் முறையை முதலே எழுதி ஒட்டாவிட்டால் மூன்றாம் நாளிலேயே சாக்குக் காய்ந்து கிடக்கும்.

செய்த வேலையை அளந்த பிறகே சங்கத்துக்குக் காசு வரும், அதிலும் ஒரு பகுதி, பிறகு குறை வந்தால் பிடிக்கவென்று, தடுத்துவைப்புப் பணமாக நிற்கும். ஆகவே கடைக்காரரிடம் கடனுக்குப் பொருள் எடுக்க வேண்டிவரும். எவ்வளவு கடன், எத்தனை நாள் தவணை என்பதைத் தனியே நீங்கள் பேசாமல் நிருவாகக் கூட்டத் தீர்மானமாக எழுதுங்கள். இந்தக் காசு நெருக்கடியில்தான் ஒப்பந்தகாரர் ஒருவர் வருவார்: "நீங்க ஒண்டுக்கும் அலைய வேணாம், சங்கத்தின்ர பேரையும் கையெழுத்தையும் மட்டும் தாங்க, சங்கத்துக்கு இவ்வளவு போட்டுடுவன்." இது சங்கத்தின் பெயரை வாடகைக்கு விடுவது. வீதி வெடித்தால் கேள்வி உங்களிடம் வரும், தடுத்துவைப்புப் பணம் உங்களுடையது போகும். எல்லாவற்றையும்விட, பை எண்ணுகிற உரிமையை ஊர் இழந்துவிடும். செய்ய முடியாத அளவு வேலை என்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள், அதில் வெட்கம் இல்லை.

கடன் நிதிக்கு வருவோம். தொண்டு நிறுவனத்திடம் மூன்று விடயங்களை எழுத்தில் கேளுங்கள். திட்டம் முடிந்த பிறகு இந்தக் காசு சங்கத்தின் சொத்தா? கணக்குப் பார்ப்பது யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? அவர்களுடைய உத்தியோகத்தர் எந்த மாதம் ஊரை விட்டுப் போகிறார்? ஒதுங்கப் போகிற தொண்டு நிறுவனத்துக்குக் காசைச் சீக்கிரம் கொடுத்து அறிக்கை எழுதி முடிக்கிற அவசரம் இருக்கும். அந்த அவசரம் உங்களுடையது அல்ல. வெளிநாட்டு அரசின் அல்லது சர்வதேச அமைப்பின் கணிசமான நிதியில் பொதுமக்களுக்குச் சேவை செய்கிற தொண்டு நிறுவனமும், அந்தச் சேவை தொடர்பில் தகவல் அறியும் சட்டத்துக்குள் வருகிறது என்பதையும் தெரிந்து வையுங்கள்.

மூன்று இலட்சத்தை முப்பது பேருக்குப் பத்தாயிரம் வீதம் கொடுத்து, பத்து மாதம் ஆயிரம் ஆயிரமாகக் கட்டுகிற கணக்கைப் பாருங்கள். குறைந்து செல்லும் மீதிக்கு மாதம் ஒரு வீத வட்டி என்றால் ஒருவர் மொத்தம் 550 ரூபாய் வட்டி கட்டுவார், முப்பது பேரும் கட்டினால் 16,500. இரண்டே இரண்டு பேர் ஒன்றுமே கட்டாமல் விட்டால் மற்ற 28 பேரின் வட்டி 15,400, போன முதல் 20,000. நிதி 4,600 ரூபாயால் சுருங்கிவிட்டது. வட்டியில்லாமல் கொடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு திரும்பாவிட்டால், ஐந்து சுற்றில் மூன்று இலட்சம் 1,77,000 ஆகிவிடும். "சுழற்சி நிதி" என்று பெயர் வைத்த காசு பல ஊரில் ஒருமுறை சுழன்று நின்றது இப்படித்தான். காரணம் எப்போதும் வறுமை அல்ல. முதல் சுற்றில் நிருவாகத்தினரும் அவர்களுடைய தங்கச்சி, மச்சாள்மாரும் எடுத்துவிட்டு ஆறுதலாகக் கட்டுவார்கள். அதைப் பார்த்தவர்களும் அப்படியே செய்வார்கள். நிருவாகத்தினர் கடைசிச் சுற்றில்தான் எடுக்கலாம் என்று முதல் நாளே தீர்மானம் எழுதுங்கள். இந்த ஒரு விதிக்கு எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாலே உங்களுக்கு நிறையப் புரியும்.

தவணையும் வீட்டுக்கு வீடு வேறு. இடியப்பம் அவிக்கிறவர் கிழமைக்குக் கிழமை கட்டலாம். வேளாண்மைக் குடும்பத்துக்கு மார்கழி தையில் கையில் ஒன்றும் இருக்காது, அறுவடைக்குப் பிறகு இரண்டு தவணையாக வாங்குவதே நடக்கிற காரியம். வேறு கம்பனியின் நுண்கடனை அடைக்க இந்தக் காசைக் கொடுக்காதீர்கள். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனை அரசாங்கமே ஏற்க முன்வரும் அளவுக்குப் போன விவகாரம் அது. மூன்று இலட்சம் அந்தப் பள்ளத்துக்குக் காணாது. கடன் கேட்பவரிடம் ஏற்கெனவே எத்தனை இடத்தில் கட்டுகிறார் என்று குழுவுக்குள்ளேயே கேட்க வேண்டும். அதிகாரி கேட்டால் மறைப்பார்கள், ஒழுங்கை ஆட்களுக்கு எல்லாம் தெரியும்.

தேர்தல் காலத்தில் யார் மாலை போட வந்தாலும் சங்கக் கட்டடத்தில் மேடை கொடுக்க வேண்டாம், கதிரையை வாடகைக்குக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வெட்டுங்கள். அதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை.

கடைசியாகப் பழைய தலைவி. அவரை ஒதுக்கினால் ஊரில் பாதி உங்களை விட்டுப் போகும், அவர் போக்கில் விட்டால் நீங்கள் பெயருக்குத் தலைவி. கதிரைகளை வரிசையில் போடாமல் வட்டமாகப் போடுங்கள், முன்வரிசை என்ற ஒன்றே இருக்காது. கணக்குக் கேள்வி வந்தால் "இதுக்குப் பொருளாளர் பதில் சொல்லட்டும்" என்று உடனே திருப்பிவிடுங்கள். பழைய தலைவியின் கைக்கு நிஜமான பொறுப்பு ஒன்றைக் கொடுங்கள், செக்கில் கையொப்பம் இல்லாத பொறுப்பாக. நம் ஊர்களுக்கு வெள்ள ஆயத்தக் குழுவைவிடப் பொருத்தமானது இல்லை. எந்த வீட்டுக்குள் முதலில் தண்ணீர் ஏறும், எந்தக் கிழவியைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும், பள்ளிக்கூடத்தில் சமைக்க எத்தனை கிடாரம் வேண்டும் என்பதெல்லாம் பல மாரியைக் கண்ட அவருக்குத் தலைகீழ்ப் பாடம். புரட்டாதி முடிவதற்குள் அவர் குழு ஒரு பட்டியல் தரட்டும்: கர்ப்பிணிகள், கைக்குழந்தை வீடுகள், படுக்கையில் இருப்பவர்கள், நாளாந்தம் மருந்து எடுப்பவர்கள், தோணி வைத்திருப்பவர்கள், உழவு இயந்திரம் வைத்திருப்பவர்கள். மூன்று பிரதி எடுத்து ஒன்றை விதானையாரிடமும் ஒன்றைப் பள்ளிக்கூட அதிபரிடமும் கொடுத்து, மூன்றாவதைப் பொலித்தீன் உறைக்குள் போட்டு அவர் வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள்.